கேளுங்கள், சொல்கிறேன்: முற்றம் கொஞ்சம் கோணல்தான்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், பாகிஸ்தான் டிவிக்காரர்கள் அழவைப்பதைவிட சிரிக்கவைப்பதில் கெட்டிக்காரர்கள் என்று. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நம் ஆட்களில் இத்தனை பேர் சத்தமில்லாமல் உருது நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று இருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிடுவோம். குழம்பில் உப்பு அதிகமானால் என்ன செய்வது என்று கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: தோழி ஒருத்தி 'சுனோ சந்தா' பார், பார் என்று உயிரை வாங்கினாள். பார்த்தேன். நான்கு எபிசோடு முடிந்தும் அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்றே புரியவில்லை. எனக்கு மட்டும்தான் இந்தக் குழப்பமா?
– சிங்கப்பூர் வாசகி

பதில்: ஆகிவிட்டது, ஆகவும் இல்லை. கதையே அதுதான்.

நிக்காஹ் முடிந்துவிட்டது, ருக்ஸதி ஆகவில்லை. நிக்காஹ் என்பது ஒப்பந்தம்: சாட்சிகள் முன் சம்மதம் சொல்லி, மஹர் தொகை எழுதி, கையெழுத்துப் போட்டால் சட்டப்படி புருஷன் பெண்டாட்டி. ருக்ஸதி என்பது பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு வழியனுப்புவது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம், நடுவில் வருடக்கணக்கில் இடைவெளியும் விழலாம். பெண் படிப்பை முடிக்கட்டும், பையன் வேலைக்குப் போகட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அர்சலும் ஜியாவும். சாகக் கிடந்த தாத்தாவின் ஆசைக்காக நிக்காஹ் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது பாட்டி 'பீ ஜான்' தலைமையில் பெரியவர்கள் எல்லாம் ருக்ஸதிக்கு நாள் பார்க்க, இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தாலே எரிந்து விழுந்துகொண்டு, அதை எப்படியாவது நிறுத்துவதற்கு ஒன்றாகச் சேர்ந்து திட்டம் போடுகிறார்கள். ஒன்றாகச் சேர்ந்து என்பதைக் கவனியுங்கள், முடிவு அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஃபர்ஹான் சயீதும் இக்ரா அஜீஸும் நடித்து 2018 ரமலானில் ஹம் டிவியில் வந்தது, எழுதியவர் சாயிமா அக்ரம் சௌத்ரி. நன்றாக ஓடியதால் அடுத்த வருடமே இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. எனக்கு முதல் பாகம் போதும்.

உங்களைக் குழப்பிய இன்னொன்றும் இருக்கும், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி பிள்ளைகள். நமக்குப் பெரியப்பா மகன் அண்ணன், பேச்சு அத்தோடு முடிந்தது. அங்கே தாயா (பெரியப்பா) மகன், சாச்சா (சித்தப்பா) மகன், மாமூ மகன், காலா (சித்தி, பெரியம்மா) மகன் எல்லோருமே கட்டிக்கொள்ளும் முறைதான். பாகிஸ்தானில் பாதிக்கு மேற்பட்ட கல்யாணங்கள் சொந்தத்துக்குள்ளேயே நடக்கின்றன. சின்ன வயதிலிருந்து 'பாய்' 'பாய்' (அண்ணா, அண்ணா) என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒருநாள் அம்மா வந்து, இனிமேல் அவனை பாய் என்று கூப்பிடாதே என்று சொன்னால் வீட்டில் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே எல்லோருக்கும் தெரிந்த பழைய ஜோக் இது.

இதை வெறும் வழக்கம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள், நகைச்சுவைக்கு முதலே இதில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மருமகள் மாமியாரைப் பார்த்துப் பயப்படலாம். இங்கே மாமியார் யார்? தாயி, அதாவது பெரியம்மா. இவளுக்கு மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டவள், ஏழு வயதில் இவள் திருடித் தின்ற ஹல்வாவை இன்னும் மறக்காதவள். சண்டைக்கு இருபது வருடக் கணக்கு வழக்கு இருக்கிறது, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்றால் பிறந்த வீடு முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

கேள்வி: சப்டைட்டில் இல்லாமல் பார்த்தால் ஏதாவது புரியுமா? இந்தியும் எனக்கு அரைகுறைதான்.
– திருச்சி வாசகர்

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே புரியும். தாலுகா ஆபீசுக்குப் போய் வந்த தமிழனுக்கு உருது முழு அந்நியம் இல்லை. வக்கீல், ஜாமீன், கைதி, வசூல், பாக்கி, அசல், நகல், சிபாரிசு, ராஜினாமா, ஜப்தி, தயார், லாயக்கு, சாமான், கம்மி, ஜாஸ்தி... நவாப் காலத்துக் கச்சேரிகளிலிருந்து, அதாவது அரசு அலுவலகங்களிலிருந்து, நம் வாய்க்கு வந்தவை. சென்னைக்காரர் என்றால் இன்னும் லாபம். பேஜார், மஜா, நாஸ்தா, ஷோக்கு எல்லாமே அங்கே கொஞ்சம் சுத்தமான உச்சரிப்போடு கேட்கும். நான் முதல் தடவை பார்த்தபோது வெள்ளை ஜிப்பா போட்ட ஒரு கண்ணியமான தாத்தா, வாழ்க்கையே வெறுத்துப்போய், மிக மென்மையாக 'பேஜார்' என்றார். எனக்கு ஆட்டோ ஸ்டாண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

வார்த்தையைவிட முக்கியம் மரியாதைப் படிகள். ஆப், தும், தூ. நம் நீங்கள், நீர், நீ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் அதை இன்னும் நுணுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். பிரிவினைக்குப் பிறகு லக்னோ, டெல்லி, கான்பூர், ஹைதராபாத் பக்கமிருந்து கராச்சிக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் புருஷன் பெண்டாட்டியே ஆப் போட்டுப் பேசிக்கொள்வார்கள், சண்டை போட்டாலும் ஆப் இறங்காது. லக்னோ நவாப்கள் இரண்டு பேர் ரயிலில் ஏற வந்து, "பெஹலே ஆப்" (முதலில் நீங்கள்), "இல்லை, முதலில் நீங்கள்" என்று உபசாரம் செய்துகொண்டே நிற்க ரயில் போய்விட்டது என்று ஒரு பழைய கதை உண்டு. உருது குடும்ப நகைச்சுவையில் பாதி அந்தப் பிளாட்பாரத்திலேயே நிற்கிறது.

எந்த நாடகத்தை எடுத்தாலும் இப்படி ஒரு காட்சி வராமல் இருக்காது. சம்பந்தியம்மா வந்து உட்காருகிறார். டிராலியில் டீ வருகிறது, சமோசா, கபாப், கேக், பிஸ்கட். "அய்யோ, எதற்கு இவ்வளவு தகல்லுஃப்?" தகல்லுஃப் என்றால் வீண் சிரமம், உபசாரச் சம்பிரதாயம். "தகல்லுஃப் எல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில் இருந்ததுதான்." சம்பந்தி ஒரு கபாபைக் கடித்து, கண்ணை மூடி, "மாஷா அல்லாஹ், எந்தக் கடை?" என்கிறார். வீட்டுக்காரம்மா சிரிப்பு மாறாமல், "உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் போட்டீர்களே, அதே கடைதான்" என்கிறார். யாரும் குரலை உயர்த்தவில்லை, ஆப் எங்கும் இறங்கவில்லை, வெட்டு விழுந்துவிட்டது. இதே காட்சியை லாகூர் ஆட்கள் செய்தால் வேறு மாதிரி. அங்கே 'ஜுகத்' என்று பஞ்சாபி மேடை மரபு ஒன்று இருக்கிறது, ஒருவர் மூக்கை, வயிற்றை, சட்டையை வைத்து எதிராளி மூச்சு விடாமல் கிண்டல் அடுக்குவது. கராச்சி ஊசி, லாகூர் உலக்கை. எனக்கு ஊசி பிடிக்கும். உலக்கைக்கு ரசிகர்கள் அதிகம்.

கேள்வி: 'பூபோ' என்று எல்லா நாடகத்திலும் ஒருத்தி வந்து குட்டையைக் குழப்புகிறாளே, யார் அவள்?
– நாகர்கோவில் வாசகி

பதில்: அப்பாவின் கூடப்பிறந்தவள். அத்தை. இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

கேள்வி: அப்பா எண்பதுகளில் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். ஒரே அறையில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் பாகிஸ்தான்காரர்கள். வெள்ளிக்கிழமை வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துவந்து நாடகம் பார்ப்பார்களாம். அதில் ஒரு வேலைக்காரன், டான்ஸ் தெரிந்தவன், எஜமானியம்மாவிடமே எதிர்த்துப் பேசுவான் என்று சொல்லி அப்பா கையில் துண்டை வைத்துக்கொண்டு நடந்து காட்டுவார். எங்கள் வீட்டில் அதைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா இப்போது இல்லை. அது என்ன நாடகம் என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: சொல்ல முடியும். 'ஆங்கன் டேடா', பிடிவி (பாகிஸ்தான் அரசு டிவி), 1984. உங்கள் அப்பா நடித்துக் காட்டியது அக்பராக வந்த சலீம் நாசிரை.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மெஹபூப் அகமது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், கண்ணியம் நிறைய, காசு குறைய. அவர் மனைவி ஜஹான் ஆரா பேகம். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டுச் சௌத்ரி சாகிப் அடிக்கடி வந்து போவார். அப்புறம் அக்பர்: சமைப்பது, பெருக்குவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவன்தான். வாரம் ஒரு ஆள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார், ஒரு வில்லங்கம் உள்ளே வரும், அக்பர் அதற்கு ஒரு விமர்சனம் சொல்வான். மெஹபூபாக ஷகீல், ஜஹான் ஆராவாக புஷ்ரா அன்சாரி. எழுதியவர் அன்வர் மக்ஸூத்.

இவ்வளவுதான் என்றால் உங்கள் அப்பாவின் அறைக்காரர்கள் வாராவாரம் அந்தக் கேசட்டுக்கு அலைந்திருக்க மாட்டார்கள். அக்பர் பிறவி வேலைக்காரன் இல்லை. முறையாகக் கதக் கற்றவன், அதில் பிழைத்தவன். நாட்டில் நடனமே கூடாது என்று ஆகிவிட்டதால் கலைக்கூடத்து வேலை போய், சாப்பாட்டுக்கு இந்த வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தவன். 1977இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா உல் ஹக் 1988இல் விமான விபத்தில் சாகும் வரை நாட்டை விடவில்லை. அந்தக் காலத்தில் நாஹித் சித்தீக்கியின் 'பாயல்' என்ற நடன நிகழ்ச்சியை பிடிவி பாதியில் நிறுத்தியது, அவர் நாட்டை விட்டே போனார். திரையில் வரும் பெண்கள் தலையில் துப்பட்டா போட்டாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது மெஹ்தாப் ராஷ்தி என்ற அறிவிப்பாளர் முடியாது என்று சொல்லி நிகழ்ச்சியை இழந்தார். நாடகத்தில் கணவன் மனைவியாக வருபவர்கள்கூடத் தொட்டுப் பேச முடியாது. நாட்டிலிருந்தது ஒரே ஒரு டிவி, அதுவும் அரசாங்கத்தினுடையது. அந்த டிவியில்தான், வாராவாரம், நடனம் ஆடியதால் வேலை இழந்த ஒருவன் துடைப்பத்தோடு வந்து நின்றான்.

இப்போது தலைப்புக்கு வாருங்கள். 'நாச் ந ஜானே, ஆங்கன் டேடா' என்று ஒரு பழமொழி. ஆங்கன் என்றால் முற்றம், டேடா என்றால் கோணல். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். நம்மிடமும் அச்சு அசலாக இருக்கிறதே, கூடம் கோணல் என்று, அதேதான். அன்வர் மக்ஸூத் அதில் முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் தலைப்பாக வைத்தார். ஏனென்றால் அக்பருக்கு ஆடத் தெரியும். நன்றாகவே தெரியும். முற்றம்தான் நிஜமாகவே கோணல். இதை தணிக்கைக்காரர்கள் எந்த விதியின் கீழ் வெட்டுவார்கள்? நான் இதைப் புரிந்துகொண்டது மூன்றாவது தடவை பார்த்தபோது. அதற்கு முன் நானும் துண்டைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நளினமாக நடக்கும் ஆண் என்றாலே சிரிப்பு என்று ஆக்குகிற கெட்ட பழக்கம் எல்லா ஊர் நகைச்சுவையிலும் இருக்கிறது, இந்த நாடகத்திலும் சில இடங்களில் அந்த மலிவு எட்டிப் பார்க்கிறது. ஆனால் சலீம் நாசிர் அந்த ஆளைக் கேலிச்சித்திரமாக விட்டுவிடவில்லை. அந்த வீட்டிலேயே அதிகம் தெரிந்தவன் அக்பர்தான், அதிகம் இழந்தவனும் அவன்தான், அதைப் பற்றி அவன் அழுவதில்லை. நாடகம் வந்து ஐந்து வருடத்தில், 1989இல், சலீம் நாசிர் காலமாகிவிட்டார். ஷகீல் 2023இல் போனார்.

இன்னொரு தகவல், உங்களுக்குப் பயன்படாது, இருந்தாலும் சொல்கிறேன். அன்வர் மக்ஸூத் பிறந்தது நம் பக்கத்து ஹைதராபாத்தில். கூடப்பிறந்தவர்கள் பத்துப் பேர் அளவில், வீடே ஒரு டிவி நிலையம். அக்கா பாத்திமா சுரய்யா பஜியா பெரிய நாடக ஆசிரியை, இன்னொரு சகோதரி ஜெஹ்ரா நிகாஹ் கவிஞர், இன்னொருவர் ஜுபைதா தாரிக், டிவியில் சமையல் சொல்லிக்கொடுத்து நாடு முழுக்க 'ஜுபைதா ஆபா' ஆனவர். அத்தனை பேர் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வளர்ந்தால் ஊசி குத்தத் தெரியாமல் எப்படி?

கேள்வி: அங்கேயும் மாமியார்தான் வில்லியா? நம்ம ஊர் சீரியலுக்கும் அதற்கும் என்னதான் வித்தியாசம்?
– சேலம் வாசகி

பதில்: அழுகை நாடகங்களில் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கேயும் மருமகள் அடுப்படியில் கண்ணைக் கசக்குகிறாள். சிரிப்பு நாடகங்களில்தான் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள். வில்லி என்று ஒருத்தி இருக்க மாட்டாள், வீட்டில் இருக்கிற எல்லோருக்குமே கொஞ்சம் விஷமும் கொஞ்சம் மனசும் இருக்கும். உறவுப் பெயர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உதவும். ஜெட்டானி மூத்த ஓரகத்தி, தேவ்ரானி இளைய ஓரகத்தி. நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு யார் பெரியவள் என்பது சொல்லிலேயே வந்துவிட வேண்டும். கர் தாமாத், வீட்டோட மாப்பிள்ளை, அங்கேயும் அடி வாங்குகிறவர்தான். சௌதன், சக்களத்தி.

சக்களத்தி என்றதும் 'சுப்கே சுப்கே' ஞாபகம் வருகிறது (2021, ஹம் டிவி, அதே சாயிமா அக்ரம் சௌத்ரி). ஒருவருக்கு இரண்டு மனைவிகள், பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மொட்டை மாடிச் சுவரின் இருபுறமும் நின்று தலைமுறை தலைமுறையாக வாய்ச்சண்டை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாகிஸ்தானிலேயே 1961 குடும்பச் சட்டத்தின்படி, இரண்டாவது கல்யாணம் செய்ய இருக்கிற மனைவியின் சம்மதத்தைக் கேட்டு உள்ளூர் நடுவர் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். இருந்தும் நடப்பது நடக்கிறது. அதை மனதில் வைத்துப் பார்த்தால் அந்தச் சுவர் அவ்வளவு வேடிக்கையாகத் தெரியாது, நாடகமும் அந்தப் பக்கமே போகாது. எனக்கு அதில் வருத்தம்தான். அந்த இரண்டு மனைவிகளில் ஒருவராக வந்த அஸ்மா அப்பாஸ், 'ஆங்கன் டேடா'வின் ஜஹான் ஆராவுக்கு, அதாவது புஷ்ரா அன்சாரிக்கு, நிஜத்தில் தங்கை. அவர்கள் அப்பா அகமது பஷீர் பத்திரிகையாளர். முகத்தைச் சுளிக்காமல் ஒரு வார்த்தையில் எதிராளியைக் காலி செய்கிற வித்தை இரண்டு பேருக்கும் ஒன்றுபோல வருகிறது.

புஷ்ரா அன்சாரியைப் பார்க்க வேண்டும் என்றால் 2009இல் ஜியோ டிவியில் தொடங்கிய 'பாராத்' வரிசையைப் பாருங்கள். ஃபைசலாபாத்தின் சாயிமா சௌத்ரியாக, தலை முழுக்க நகையும் வாய் முழுக்க பஞ்சாபி வாடையடிக்கும் ஆங்கிலமுமாக வந்து, கராச்சியின் பவிசுக்கார சம்பந்தி வீட்டைக் கதிகலங்க வைப்பார். முதலில் நான் சொன்ன ஊசியும் உலக்கையும் ஒரே கல்யாண மண்டபத்தில்.

கேள்வி: ஏன் எல்லாம் முப்பது எபிசோடில் முடிந்துவிடுகிறது? பிடித்துப்போய் உட்காரும்போது 'ஆக்ரி கிஸ்த்' என்று போட்டுவிடுகிறார்கள்.
– கோவை வாசகர்

பதில்: ஆக்ரி கிஸ்த், கடைசித் தவணை. 'கிஸ்தி' நமக்கும் தெரியும், கட்டபொம்மன் புண்ணியத்தில். அங்கே நாடகம் வாரம் ஒரு நாள் வருவதுதான் பழைய பழக்கம், ஒரே எழுத்தாளர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதிக் கொடுத்துவிடுவார், அதனால் கதைக்கு முடிவு என்று ஒன்று இருக்கும். ரமலான் நாடகங்கள் மட்டும் தினமும் வரும்; நோன்பு திறந்து, தொழுது, சாப்பிட்டு வீட்டோடு உட்காரும் நேரம். மாதம் முப்பது நாள், அதனால் நாடகமும் முப்பது சொச்சம். பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்களிடம் போய் யாரும் அழுகையை விற்க மாட்டார்கள், அதுதான் அந்த மாதத்தில் இவ்வளவு சிரிப்பு.

முடியவே முடியாததும் ஒன்று இருக்கிறது. 'புல்புலே', ஏஆர்ஒய் டிஜிட்டலில் 2009இல் தொடங்கி நூற்றுக்கணக்கில் போனது. நபீல், கூப்ஸூரத், மெஹ்மூத் சாகிப், மோமோ, நாலே பேர். எப்படிப் பணம் பண்ணலாம் என்று வாரத்துக்கு ஒரு திட்டம், வாரத்துக்கு ஒரு தோல்வி. எல்லாவற்றையும் மறந்துபோகும் மோமோவாக ஹினா தில்பஜீர் வருகிற வரை பார்க்கலாம், மற்றதெல்லாம் ஒரே மாவில் சுட்ட தோசை. அவருடைய முழுத் திறமை தெரிய வேண்டுமானால் 'குத்தூஸி சாஹிப் கி பேவா' (குத்தூஸி சாகிபின் விதவை) பாருங்கள். அதில் அவர் ஒருவரே ஒரு தெருவையே நடிக்கிற அளவுக்கு வேஷங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல், தனி நடை, தனி வெற்றிலைப்பெட்டி வைத்தது போல. எழுதியவர் ஃபஸீஹ் பாரி கான். கொஞ்சம் கரடுமுரடான நகைச்சுவை, பிள்ளைகளோடு பார்க்கிற வகை இல்லை.

கேள்வி: இவ்வளவு பெண் எழுத்தாளர்கள் எப்படி?
– கொழும்பு வாசகி

பதில்: ஹசீனா மொயீன் போட்ட பாதை. 1941இல் கான்பூரில் பிறந்து, பிரிவினைக்குப் பின் குடும்பத்தோடு பாகிஸ்தான் போனவர், கராச்சியில் பள்ளி ஆசிரியை. அதுவரை பிடிவியில் நாவலை எடுத்து நாடகமாக்குவார்கள். 1973இல் இவர் எழுதிய 'கிரண் கஹானி' டிவிக்கென்றே எழுதப்பட்ட முதல் தொடர்களில் ஒன்று. 1982இல் 'அன்கஹி', 1985இல் 'தன்ஹாயியான்'. ஒளிபரப்பாகும் நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது என்று அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள்.

இவருடைய கதாநாயகிகள் அழகுக்காகப் பேசாமல் நிற்கிறவர்கள் இல்லை. 'அன்கஹி'யின் சனாவுக்கு வீட்டில் பணக் கஷ்டம், உடம்பு சரியில்லாத தம்பி. வேலை தேடிப் போகிறாள். போன இடத்தில் உளறிக்கொட்டி, தடுக்கி விழுந்து, முதலாளியிடமே வாய் கொடுத்து, எப்படியோ வேலையும் வாங்கிவிடுகிறாள். பெண்கள் வீட்டுக்குள் போங்கள் என்று ஜெனரல் ஜியாவின் ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த வருடத்தில் ஆபீஸுக்குப் போகும் ஒரு வாயாடிப் பெண். பிரசங்கம் எதுவும் இல்லை, அவள் பாட்டுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறாள். ஷெஹ்னாஸ் ஷேக் நடித்தார். அதிலும் மாமூவாக வருவது உங்கள் அக்பர், சலீம் நாசிர்தான் (கும்பகோணத்துக்காரர் கவனிக்க). ராஜ் கபூர் பிறகு ஹசீனாவைத் தேடிப்பிடித்து 'ஹென்னா'வுக்கு வசனம் எழுதவைத்தார். ஹசீனா 2021 மார்ச்சில் காலமானார்.

கேள்வி: இந்தியாவில் இருந்துகொண்டு எங்கே பார்ப்பது?
– மதுரை வாசகர்

பதில்: இப்போதைக்குக் கஷ்டம். 2014 ஜூனில் 'ஜிந்தகி' சேனல் வந்து பாகிஸ்தான் நாடகங்களை முறையாகக் காட்டியது, 2016இல் ஊரி தாக்குதலுக்குப் பின் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் யூடியூப் இருந்தது. 2025இல் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பெரிய பாகிஸ்தான் சேனல்களின் யூடியூப் பக்கங்கள் இங்கே தடுக்கப்பட்டன, ஓடிடி தளங்களையும் பாகிஸ்தான் தொடர்களை எடுத்துவிடச் சொல்லி மே மாதம் அரசு அறிவுறுத்தியது. குறுக்குவழி கேட்டு எனக்கு எழுத வேண்டாம். பழைய கேசட் வைத்திருக்கும் வளைகுடா மாமா யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், கேசட் ஓடும் மெஷின் அவரிடம் இருக்காது என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பேச்சே உருதுதான். ஆனால் கராச்சி நாடகம் போட்டால் நானிக்கு (அம்மாவின் அம்மா) பிடிக்காது. 'இதுங்க என்ன புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டுப் பேசுதுங்க' என்கிறார். நாங்கள் பேசும் உருது தப்பு உருதுவா?
– வாணியம்பாடி வாசகி

பதில்: யார் சொன்னது? நீங்கள் பேசுவது தக்னி. 'நஹி' என்று அவர்கள் இழுக்கும் இடத்தில் 'நக்கோ' என்று ஒரே வெட்டில் முடிக்கிற மொழி. டெல்லியில் கவிஞர்கள் எல்லாம் பாரசீகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதே கோல்கொண்டாவிலும் பீஜப்பூரிலும் தக்னியில் கவிதை எழுதிவிட்டார்கள். 1700 வாக்கில் வலி தக்னி என்ற கவிஞர் டெல்லிக்குப் போய்த் தம் கவிதைகளைப் படித்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு நாமும் இந்த மொழியில் எழுதலாமே என்று தோன்றியது. ஆக உங்கள் நானியின் பேச்சு கராச்சிப் பேச்சுக்கு அக்கா முறை. கராச்சிக்காரர்கள் நாடகத்தில் சிரிப்புக்காக ஹைதராபாத்துப் பேச்சைக் கொண்டுவருவார்கள் என்பதை மட்டும் நானியிடம் இப்போது சொல்லாதீர்கள்.

அதற்குப் பதிலாக, 'ஆங்கன் டேடா' எங்காவது கையில் கிடைத்தால், இதை எழுதியவர் ஹைதராபாத்தில் பிறந்தவர் என்று சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டுங்கள். அக்பர் வந்ததும் திரையைப் பார்க்க வேண்டாம், நானி முகத்தைப் பாருங்கள். எந்த வசனத்துக்குச் சிரித்தார் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். சிரிக்காவிட்டாலும் எழுதுங்கள்.